என் பிரேக்குக்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

கையில் மணியும் கண்ணில் கனிவுமாகத் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடை ஐயா அவர்களே! அவருக்கு இடப்பக்கம் வரிசையாக வீற்றிருந்து, இவள் என்ன பேசப் போகிறாளோ என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் தொழில்நுட்பக் குழுவின் மும்மூர்த்திகளே! நான் இன்னும் பேச்சைத் தொடங்கவேயில்லை, அதற்குள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளைக்கு ஒரு கை, கைதட்ட ஒரு கை என்று பங்கு பிரித்து வந்திருக்கும் தாய்மார்களே! சங்கத்தின் சக்கரம் சுழலச் சலியாமல் உழைக்கும் சகோதர சகோதரிகளே! சுவரோரம் சாய்ந்து நின்று, நம்மைவிட ஒழுங்காகக் கூட்டத்தைக் கவனிக்கும் பழைய மலைச் சைக்கிள்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கேக் அலங்கரிப்பவள். கிரீமில் ரோஜா செய்வது என் தொழில். சற்று நேரத்துக்கு முன் பின்பக்க மேசையில் சக்கர வடிவில் ஒரு கேக் இருந்ததே, அது நான் செய்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும், இப்போது தட்டுதான் இருக்கிறது. உண்ட வாய்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கும் என்ற நம்பிக்கையில்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

ஆண்டுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சைக்கிளின் ஏதாவது ஓர் உறுப்பைப் பற்றித் தன் சொந்த விருப்பத்தைப் பேசுவது நம் மலைச் சைக்கிள் சங்கத்து வழக்கம். போன ஆண்டு ஒருவர் இருக்கையைப் பற்றிப் பேசினார். எழுந்து நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பேசினார். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த தலைப்பு, ‘பழைய பிரேக் லீவர்களில் என் விருப்பம்’. தலைப்பைக் கொடுத்தபோது தலைவர் ஐயாவுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குப் பெடலைக் கொடுத்திருப்பார்.

என்ன நடந்தது? மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து நம் ஆண்டு இறக்கம். சுவரோரம் நிற்கும் இத்தனை சைக்கிள்களும் நாளை இறங்கும். என் சைக்கிள் இறங்காது. ஏன்? சோதனையில் தேறவில்லை. எதில் தேறவில்லை? பிரேக்கில். நிற்கவில்லையா? நிற்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை! அமுக்கிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

அமுக்குவது நம் சங்கத்துக்கே உரிய பழக்கம். வேறு இடங்களில் ஒருவரைப் பார்த்தால் கையைக் குலுக்குவார்கள், நலம் விசாரிப்பார்கள். இங்கே சைக்கிளோடு ஒருவர் உள்ளே வந்தால், முதலில் அவருடைய லீவரை அமுக்குகிறோம். பிறகுதான் ஆளின் முகத்தையே பார்க்கிறோம். அமுக்கும்போது கல் மாதிரிக் கெட்டியாக இருந்தால், “அடடா, என்னா பிரேக்கு!” என்று தலையாட்டுகிறோம். கொஞ்சம் இறங்கிக் கொடுத்தால், “என்னங்க, பஞ்சு மாதிரி இருக்கு?” என்று பரிதாபமாகப் பார்க்கிறோம்.

இந்தக் கலையில் நம் எல்லோருக்கும் மூத்தவர், தொழில்நுட்பக் குழுவின் தலைவர், காப்பீட்டு அலுவலகத்து அண்ணன். ‘அமுக்கி அண்ணன்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். சிரிக்காதீர்கள், அவரே சிரிக்கிறார். அவர் இந்த ஆண்டு ஒரு விதி கொண்டுவந்தார். லீவரை இழுத்தால், ஹேண்டில்பாருக்குப் பாதித் தூரம் வருவதற்குள் அது கெட்டியாக நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் வந்தால் சைக்கிள் தகுதியற்றது. என் லீவர் பாதியைத் தாண்டி வரும். ஹேண்டில்பார் கம்பியைத் தொடாது, ஒரு விரல் இடம் மிச்சம் வைத்து நிற்கும். ஆனாலும் பாதியைத் தாண்டிவிட்டது. ஆகவே தகுதியற்றது.

“கம்பியத் தொட்டா ஆபத்துதானே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. தொட்டால் ஆபத்துதான் ஐயா. தொடுகிற பிரேக்கோடு ஒருவர் வந்தால் அவருடைய சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட நானும் கூட வருவேன். தொடாத பிரேக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, விருப்பத்துக்கு வருவோம். லீவரில் உலகம் இரண்டு கட்சி. ஒன்று, நாலு விரல் கட்சி. நீளமான லீவர், நாலு விரலும் வரிசையாக உட்காரும், பிடித்தால் முழுக்கையும் வேலை செய்யும். மற்றொன்று, இரண்டு விரல் கட்சி. குட்டை லீவர், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக்கில், மிச்ச விரல்கள் கைப்பிடியில். என் கணவர் நாலு விரல் கட்சியின் தீவிரத் தொண்டர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். அவருடைய லீவர்கள் நீளமானவை, வெள்ளி போன்றவை, வாரம் தவறாமல் மினுக்கப்படுபவை. எங்கள் திருமணப் புகைப்படத்தின் சட்டத்தில் தூசி இருக்கும், அவருடைய லீவரில் தூசி இருக்காது!

நான் இரண்டு விரல் கட்சி. என்னிடம் இருப்பவை கறுப்பாகப் பிறந்து, வெயிலில் ஊதாவாக மாறிய இரண்டு குட்டை லீவர்கள். இடப்பக்கத்து லீவரின் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். ரப்பர் உறை கிழிந்திருக்கும். என் நாத்தனார் வீட்டுப் பரணில் கிடந்தவை. அவள் மகளின் பிறந்தநாளுக்கு மூன்றடுக்குக் கேக் செய்து கொடுத்து, பதிலுக்கு இவற்றை வாங்கி வந்தேன். கிரீம் குழல்களைக் கழுவும் சின்னப் பிரஷ்ஷால் அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்தப் பிரஷ்லயா நாளைக்கு ரோஜாப்பூக் குழாயைக் கழுவப் போற?” என்று கேட்டார். இல்லை அத்தை, புதுப் பிரஷ் வாங்கிவிட்டேன். இந்தக் கூட்டத்தில் கேக் சாப்பிட்டவர்கள் யாரும் கலங்க வேண்டாம்.

அந்த லீவர்கள் எனக்கு ஏன் பிடித்தன? அழகா? அழகில் என் கணவருடையவைதான் அழகு, ஒப்புக்கொள்கிறேன். பழமையா? இங்கே இருப்பவை எல்லாமே பழமை. பெயரா, புகழா? இல்லை. அவை மெதுவாக வருகின்றன. அதுதான் காரணம். விரலை வைத்தவுடனே முட்டி நிற்காமல், கொஞ்சம் வந்து, இன்னும் கொஞ்சம் வந்து, சக்கரம் எந்த இடத்தில் பிடிபடத் தொடங்குகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வருகின்றன. கிரீம் பையை அழுத்துகிறவளுக்கு அந்த அருமை தெரியும். எடுத்த எடுப்பில் அமுக்கினால் ரோஜா வராது, கொழகொழவென்று ஒரு குன்று வரும்! கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து அளந்து, இதழ் இதழாக அழுத்த வேண்டும். என் விரல்கள் அப்படிப் பழகியவை. சரிவிலும் அவை அப்படித்தான் கேட்கின்றன.

இது என் விருப்பம். உங்கள் விருப்பமாக இருக்க வேண்டியதில்லை. அமுக்கி அண்ணனுக்குக் கல் பிடிக்கும். கல்லாகவே வைத்துக்கொள்ளட்டும். குழுவில் இருக்கும் கால்நடை மருத்துவ அம்மாவுக்கு, பிடித்து விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கட்டும். நான் யாருடைய லீவருக்கும் எதிரியில்லை.

ஆனால், அவையோரே! விருப்பம் எங்கே முடிகிறது, விதி எங்கே தொடங்குகிறது? கெட்டியாக இருப்பது அண்ணனின் விருப்பமா, அனைவரின் பாதுகாப்பா? கைக்குக் கெட்டியாக இருப்பது சக்கரத்துக்கும் கெட்டியாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிட, வசந்தகால இறக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாதிப் பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

அன்று அண்ணன் தன் பழைய சைக்கிளில், பிற்காலத்தில் வந்த வேறு வகைச் சைக்கிளுக்குரிய லீவர்களை மாட்டிக்கொண்டு வந்தார். இதே அரங்கில், இதே சுவரோரம் நிறுத்தினார். நாம் எல்லோரும் வரிசையில் நின்று அமுக்கினோம். நானும் அமுக்கினேன். என்ன கெட்டி! என்ன கம்பீரம்! விரலை வைத்தால் இம்மி நகரவில்லை. “இதுதாங்க பிரேக்கு!” என்று கைதட்டினோம். பிறகு மேட்டுக்குப் போனோம். அண்ணன் முதலில் இறங்கினார். முதல் வளைவில் பிடித்தார். சைக்கிளுக்கு அது தெரியவில்லை. இரண்டாம் வளைவில் பல்லைக் கடித்துப் பிடித்தார். சைக்கிள் அதை ஓர் ஆலோசனையாக எடுத்துக்கொண்டது. மூன்றாம் வளைவில் வேலியில்லாத ஒரு வீட்டின் தோட்டத்துக்குள் புகுந்து, துணி காயும் கொடியைக் கடந்து, மறுபக்கம் வெளியே வந்தபோது அண்ணன் மீது ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. அந்த வீட்டு அம்மா சன்னலைத் திறந்து, “தம்பி, அது இன்னும் காயல!” என்றார்.

அண்ணனுக்கு அடி இல்லை, அதனால்தான் சிரிக்கிறோம். என்ன சொல்கிறீர்கள் அண்ணா? “தரை ஈரமா இருந்துச்சு” என்கிறார். விரிப்புதான் அண்ணா ஈரமாக இருந்தது. தரை காய்ந்திருந்தது!

ஏன் நிற்கவில்லை? இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இந்த அரங்கின் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இருக்கும் ஓரத்தில் தள்ளினால், உங்கள் கை நிறையத் தூரம் போகும், கதவு லேசாகத் திறக்கும். கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். கெட்டியாக இருக்கும், கல்லாக இருக்கும், கை நகரவே நகராது. கதவு திறக்கிறதா? பிரேக்கும் அதே கணக்குதான். விரல் அதிகத் தூரம் போய்ப் பிரேக் கட்டை குறைந்த தூரம் நகர்ந்தால், விரலின் பலம் பெருகிக் கட்டைக்குப் போகும். விரல் நகராமல் கட்டை மட்டும் வேகமாக நகர்ந்தால், கைக்குக் கெட்டி, கட்டைக்குப் பலமில்லை. அண்ணன் மாட்டியது அந்த வகை. நாம் அன்று கைதட்டியது கீல் பக்கத்துக்கு.

மூன்று வளைவுகள் பாடம் சொன்ன பிறகும் நாம் என்ன செய்தோம்? கெட்டியாக இருப்பதே நல்லது என்று விதி எழுதினோம்! அண்ணன் எழுதினார், நாம் கைதூக்கினோம். யாரும் ஒரு சைக்கிளைக்கூடச் சரிவுக்குக் கொண்டுபோகவில்லை. மணி அடிக்காதீர்கள் ஐயா, இன்னும் முக்கியமான இடத்துக்கு நான் வரவில்லை.

முக்கியமான இடம் இதுதான். இந்தக் கோடையில் என் வலது முழங்கையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பு நசுங்கியிருந்தது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இன்னும் முழுப் பலம் வரவில்லை. இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள். அந்த அன்பை மறக்கவில்லை.

என் சைக்கிளைத் தகுதியற்றது என்று சொன்ன மறுநாள், மருத்துவ அம்மா என் கடைக்கு வந்தார். அவர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுப்பவர், மனசு தங்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வருத்தப்படாதம்மா. கை சரியில்லைன்னு டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா. உனக்கு மட்டும் சிறப்பு அனுமதி குடுத்துடறோம். உன் பஞ்சு லீவரோடயே நீ இறங்கலாம்.”

எவ்வளவு எளிய வழி! மருத்துவமனைக்கு ஒரு நடை போனால் போதும், நாளைக்கு நானும் இறங்கலாம். வாங்கியிருக்கலாமே, ஏன் வாங்கவில்லை? அதைச் சொல்லத்தான் மேடையேறினேன். நான் அந்த லீவரைக் கை கெட்ட பிறகு மாட்டவில்லை! கை கல்லுக் கையாக இருந்த காலத்திலேயே மாட்டினேன். பத்து விரலும் பலமாக இருந்தபோதே எனக்கு அதுதான் பிடித்தது. நாளைக்கு இந்த இரண்டு விரலும் குணமான பிறகும் அதுதான் பிடிக்கும். என் விருப்பத்தை நீங்கள் ஏன் நோயாக்குகிறீர்கள்? கெட்டியான லீவர் பிடித்தால் அது ரசனை, மெதுவான லீவர் பிடித்தால் அது குறையா? அண்ணன் தனக்குப் பிடித்ததை மாட்டிக்கொள்ள எந்த டாக்டரிடம் போனார்? என் கணவர் வாராவாரம் லீவரை மினுக்குகிறாரே, அதற்கு எந்த மருத்துவமனையில் சான்றிதழ் கொடுத்தார்கள்?

கைதட்டலுக்கு நன்றி. என் மாமியார்தான் முதலில் தட்டினார், அதையும் கவனித்தேன்.

சிறப்பு அனுமதியோடு இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? நாளை எல்லோரும் இறங்குவார்கள், நான் இறக்கிவிடப்படுவேன். “பாவம், கை சரியில்லை, விட்டுட்டாங்க” என்று வழியெல்லாம் பேச்சு. எனக்கு வலிதான் இருந்தது, நான் பாவமாக இருந்ததில்லை. அந்த அனுமதியோடு இறங்குவதைவிட, நாளை மேட்டின் அடியில் நின்று உங்கள் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனால், வயிறெரிந்துகொண்டேதான் ஊற்றுவேன். மனதில் இருப்பதை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

குழுவில் மூன்று பேர். அண்ணன் தன் விருப்பத்தால் என்னைத் தடுத்தார். அம்மா இரக்கத்தால் அனுமதிக்க வந்தார். என் சைக்கிள் தகுதியற்றது என்று எழுதிய தாளில் மூன்றாவது கையெழுத்து யாருடையது? தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். ஆம், என் வீட்டுக்காரருடையது!

சோதனை நடந்த அன்று மாலை, அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

“ஏங்க, என் பிரேக்கு நிக்காதா?”

“நான் அப்படிச் சொல்லலையே. விதின்னு ஒன்னு இருக்குல்ல.”

“விதிய விடுங்க. ஆறு வருஷமா என் பின்னாடி வர்றீங்க. நிக்குமா, நிக்காதா?”

ஒரு தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே இன்னொரு முறை துடைத்தார். “உன் கை இன்னும் சரியாகல” என்றார்.

“அப்போ கையப் பத்திப் பேசுங்க. லீவர் மேல ஏன் பழி போடறீங்க?”

அடுத்த தட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினார். அன்றிலிருந்து வீட்டில் உப்பைப் பற்றிப் பேசுகிறோம், தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிறோம், இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. தினமும் நூறு பேரை மேலேயும் கீழேயும் கொண்டுபோகும் லிஃப்ட்டுக்குப் பிரேக் பார்க்கிற மனிதருக்கு என் பிரேக் நிற்கும் என்று தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டார்? அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் அவர். மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது, என் விரல் அசைகிறதா என்று முதலில் பார்த்தவர் அவர். அவருக்குப் பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால், அதைப் பயம் என்று சொல்லாமல் விதி என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வலிக்கிறது.

பெருமக்களே! பயம் தவறில்லை. இரக்கம் தவறில்லை. கல் லீவர் மீது காதல் கொள்வதும் தவறில்லை. ஆனால், இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு என்று பெயர் சூட்டி, ஒருத்தியின் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தலாமா? பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள்! பாவமாக இருந்தால் பாவமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்! பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்! நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். விதிக்கு மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடியாது.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். நாம் கூடியிருக்கும் இந்த நீச்சல்குளக் கட்டடத்தின் பின்பக்கம், கீழே வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவு இருக்கிறது. செங்குத்தானது, நல்ல நீளம். அதன் பாதியில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போடுங்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. முதல் கோட்டில் பிடிக்க வேண்டும், இரண்டாம் கோட்டுக்குள் நிற்க வேண்டும். கெட்டி லீவர் நிற்கட்டும், மெது லீவர் நிற்கட்டும், நாலு விரல் நிற்கட்டும், இரண்டு விரல் நிற்கட்டும்! நின்றவர் இறங்கலாம், நிற்காதவர் இறங்க வேண்டாம். நான் நிற்காவிட்டால் என்னையும் இறக்காதீர்கள், ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிடிப்பது அவரவர் விருப்பம், நிற்பது அனைவருக்கும் பொது! இதை இன்றே, இப்போதே வாக்குக்கு விட வேண்டும் என்று தலைவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

என்ன ஐயா? குழுவின் பதிலைக் கேட்ட பிறகுதான் வாக்கெடுப்பா? நியாயம்தான். அண்ணா, நீங்கள் சொல்கிறீர்களா? “சுண்ணக்கட்டி யாருகிட்ட இருக்கு?” என்கிறார். அதுவே பதில், நன்றி அண்ணா. அம்மா தலையாட்டுகிறார். மூன்றாமவர்? எழுந்திருக்கிறார். வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம் என்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள், அவர் குரல் சின்னது.

“எனக்குப் பயமா இருக்கு. பிரேக்கு நல்லாத்தான் இருக்கு.”

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். பயமாக இருக்கிறதாம். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

உட்காருங்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் இறங்குகிறேன், நீங்கள் பயப்படுங்கள், இரண்டையும் நாளைக்குச் சேர்ந்தே செய்வோம்.

இவ்வளவு நேரம் என் குரலுக்குக் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும், மணியை அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்த தலைவர் ஐயாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்குங்கள், எத்தனை விரல் என்று யாரும் எண்ணப் போவதில்லை. வணக்கம்.